சிற்றாற்று நீரும் நச்சுக் கழிவுகளும்

ஆனி மாதம் பிறந்து, செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும் குற்றால மலையில் சாரல் பொழிகிறது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் நீர் பெருகுகிறது. வெளியூர்களிலிருந்து மக்கள் திரள் திரளாக வந்து நீராடிச் செல்கின்றனர். அருவியின் அடியில் அவர்கள் நிற்பது சில நிமிஷங்களே. ஆனால் அந்த நீர் செல்லும் பயணம் நெடியது. குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு பேரருவியாக விழுந்து, தென்காசியைக் கடந்து, அனுமன் நதி முதலிய துணையாறுகளைச் சேர்த்துக்கொண்டு, வழிநெடுகக் கால்வாய்களையும் குளங்களையும் நிரப்பி, சீவலப்பேரிக்கு அருகில் தாமிரபரணியில் கலக்கிறது. தாமிரபரணி புன்னைக்காயல் அருகே கடலை அடைகிறது. ஆகவே, மலையடிவாரத்து ஊரில் ஒருவர் வாய்க்காலில் எறிவது, கீழேயுள்ள ஊரில் மற்றொருவர் குடிக்கும் நீரில் சேருகிறது. இந்த உண்மையை மனத்திற்கொண்டே அபாயக் கழிவுகளைப் பற்றி இங்கே சிறிது விரிவாகக் கூற விரும்புகிறோம்.

குப்பையை உரமாக்கும் வித்தையை நம் விவசாயிகளுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. சாணமும் இலைதழைகளும் அடுப்புச் சாம்பலும் எருக்குழியில் மக்கிப் பொன்னான உரமாகும் என்பதை அவர்கள் நெடுங்காலமாக அறிவர். ஆனால் இன்று அதே எருக்குழியில் பூச்சிமருந்து டப்பாவும், உடைந்த குழல் விளக்கும், பழைய பாட்டரியும், மருந்தூசியும் வந்து விழுகின்றன. இவை எத்தனை ஆண்டு கிடந்தாலும் உரமாவதில்லை. உரமாகக்கூடிய நல்ல குப்பையையும் இவை கெடுத்துவிடுகின்றன.

அபாயக் கழிவு எது?

எல்லாக் குப்பையும் அபாயமானதன்று. வாழைப்பழத் தோலும் காகிதமும் பழந்துணியும் வெறும் குப்பைகளே. நஞ்சுள்ளது, நோய் பரப்பக்கூடியது, தோலையும் கண்ணையும் அரிக்கக்கூடியது, எளிதில் தீப்பற்றவோ வெடிக்கவோ கூடியது ஆகிய இத்தன்மைகளுள் ஏதேனும் ஒன்றை உடைய கழிவே அபாயக் கழிவு ஆகும். தொழிற்சாலைகளில்தான் இது உண்டாகும் என்று பலர் எண்ணுகின்றனர். 2016-ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீடுகளிலேயே இத்தகைய கழிவுகள் சேர்வதைச் சுட்டிக்காட்டி, அவற்றுக்கு ஒரு பட்டியலும் தந்தன. பெயிண்டு டப்பாக்கள், பூச்சிமருந்து டப்பாக்கள், குழல் விளக்குகள், காலாவதியான மருந்துகள், உடைந்த பாதரச வெப்பமானிகள், பயன்படுத்திய பாட்டரிகள், ஊசிகள், ஊசிக்குழல்கள் ஆகியவை அப்பட்டியலில் இடம்பெற்றன. இவற்றோடு, டிராக்டரிலிருந்தும் டீசல் எஞ்சினிலிருந்தும் வடித்தெடுக்கும் பழைய எண்ணெயையும் விவசாயிகள் சேர்த்துக்கொள்ள வேண்டும். இவற்றுள் ஒன்றேனும் இல்லாத கிராமம் இன்று இல்லை.

ஆறுதல் தரும் செய்தி ஒன்றும் உண்டு. அபாயக் கழிவின் அளவு மிகக் குறைவு. மருத்துவமனைகளையே எடுத்துக்கொள்வோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, மருத்துவமனைகளில் சேரும் கழிவில் 100-க்கு 85 பங்கு சாதாரணக் குப்பையே; 15 பங்கு மட்டுமே அபாயமானது. ஆனால் இவ்விரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிட்டால் 100 பங்கும் அபாயமாகிவிடுகிறது. குடம் பாலுக்குத் துளி விஷம் என்பது இதற்கு முற்றும் பொருந்தும். கலந்த பின் பிரிப்பது அரிது. கலவாமல் வைப்பது எளிது. இக்கட்டுரையில் நாம் கூறப்போகும் யாவும் இந்த ஒரு கருத்தின் விரிவேயாகும்.

ஒரு டப்பாவினால் விளைந்த கேடு

காலி டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேட்போர் உண்டு. அவர்களுக்குப் பீகார் மாநிலத்தில் நிகழ்ந்த ஒரு துயரத்தை நினைவூட்டுகிறோம். 2013-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி, சரண் மாவட்டத்தைச் சேர்ந்த கண்டமன் என்னும் கிராமத்துப் பள்ளியில் மதிய உணவு உண்ட குழந்தைகளுள் 23 பேர் மாண்டனர். உணவிலும் எண்ணெயிலும் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து கலந்திருந்தது சோதனையில் தெரியவந்தது. பூச்சிமருந்து இருந்த பாத்திரத்தில் சமையல் எண்ணெய் வைக்கப்பட்டிருந்ததே இதற்குக் காரணம் என்று விசாரணையில் கருதப்பட்டது. மருந்தை வயலில் தெளித்தாயிற்று, டப்பா காலியாயிற்று, இனிக் கவலையில்லை என்று எண்ணுவது எத்துணைப் பெரிய தவறு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நம் ஊர்களிலும் பூச்சிமருந்து கேன்களைக் கழுவி மண்ணெண்ணெய் வைக்கவும், தோட்டத்துக்குக் குடிநீர் கொண்டு செல்லவும் பயன்படுத்தும் வழக்கம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. பிளாஸ்டிக் கேனின் உட்சுவரில் மருந்து ஊறிப் படிந்துவிடுகிறது. எத்தனை முறை கழுவினாலும் உணவுப் பொருளுக்கு அது ஏற்றதாவதில்லை. சோப்பிட்டுத் தேய்த்தால் மருந்தின் நாற்றம் போகலாம், நஞ்சு போவதில்லை.

எல்லை கடந்து வந்த கழிவு

செங்கோட்டை வட்டாரம் 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து நம் மாநிலத்துடன் இணைந்தது. அன்று முதல் புளியரை நமது எல்லை ஊராக இருந்து வருகிறது. பாவூர்ச்சத்திரம் சந்தையின் காய்கறிகள் இவ்வழியாகக் கேரளம் செல்கின்றன. இரு பக்கத்து மக்களும் கொள்வினை கொடுப்பினையால் நெருங்கிய உறவினர். இந்த நல்லுறவுக்கு இடையூறாகச் சில பேராசைக்காரர்கள் இவ்வழியை வேறொரு காரியத்துக்கும் பயன்படுத்தி வருகின்றனர். சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் லாரியில் கோழிக் கழிவு, பிளாஸ்டிக் கழிவு, மருத்துவக் கழிவு ஆகியவற்றை ஏற்றி, இரவோடிரவாக நம் பக்கத்துத் தரிசு நிலங்களிலும் குளக்கரைகளிலும் கொட்டிச் செல்வதே அக்காரியம். புளியரைச் சோதனைச் சாவடியில் இத்தகைய வண்டிகள் பிடிபட்டதுண்டு.

2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இது பெரியதொரு செய்தியாயிற்று. திருநெல்வேலிக்கு மேற்கே நடுக்கல்லூர், கோடகநல்லூர் முதலிய ஊர்களில் மருத்துவக் கழிவுகள் குவியல் குவியலாகக் கொட்டப்பட்டிருந்தன. ஊசிக்குழல்களும் மருந்துப் புட்டிகளும் நோயாளிகளைப் பற்றிய காகிதங்களும் அவற்றில் கிடந்தன. அக்காகிதங்களைக் கொண்டே அவை திருவனந்தபுரத்து மருத்துவமனைகளிலிருந்து வந்தவை என்று கண்டறியப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இதைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டு, மூன்று நாட்களுக்குள் கழிவை அகற்ற வேண்டுமெனக் கேரள அரசுக்கு உத்தரவிட்டது. டிசம்பர் 22-ஆம் தேதி கேரள அதிகாரிகள் லாரிகளுடன் வந்து கழிவை அள்ளிச் சென்றனர். காவல்துறையினர் வழக்குகள் பதிந்து சிலரைக் கைது செய்தனர். பின்னர், 2025-ஆம் ஆண்டில், மருத்துவக் கழிவை முறைகேடாகக் கொட்டுவோரை விசாரணையின்றித் தடுப்புக்காவலில் வைக்க வகைசெய்யும் சட்டத் திருத்தத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது.

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடங்கள் இரண்டு. முதலாவது: கைதானவர்களுள் நம் பக்கத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். உள்ளூரில் இடம் காட்டுவோர் இல்லாமல் அயலூர் லாரி இருட்டில் குளக்கரையைத் தேடிக் கண்டுபிடித்து வரமுடியாது. பள்ளமான நிலத்தை மேடாக்கித் தருகிறோம் என்றும், நிலத்தைச் சிறிது காலம் குத்தகைக்குக் கொடுங்கள் என்றும் தரகர்கள் விவசாயிகளை அணுகுகின்றனர். கையில் வரும் சிறு தொகையைக் கண்டு மயங்கி நிலத்தைக் கொடுப்பவர், தம் கிணற்றையும் அயலார் கிணற்றையும் சேர்த்தே விற்றுவிடுகிறார். இரண்டாவது: குவியலில் இருந்த காகிதங்களே குற்றத்தை வெளிப்படுத்தின. யாரேனும் அவசரப்பட்டு அக்குவியலுக்குத் தீ வைத்திருந்தால், சான்றும் சாம்பலாகியிருக்கும். கழிவைத் திருப்பி அனுப்பவும் இயன்றிராது.

எரித்தால் தீருமா? புதைத்தால் போகுமா?

குப்பையைக் கண்டால் தீயிடுவது, அல்லது குழி தோண்டிப் புதைப்பது என்பது நமது பழக்கம். அபாயக் கழிவு விஷயத்தில் இவ்விரண்டும் கேட்டையே வளர்க்கின்றன.

மருத்துவக் கழிவை எரிக்கும் உலை எப்படியிருக்க வேண்டுமென்று 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் கூறுகின்றன. உலையின் முதல் அறையில் 800 டிகிரி வெப்பம் இருக்க வேண்டும். அங்கிருந்து எழும் புகை இரண்டாம் அறையில் ஏறக்குறைய 1,050 டிகிரி வெப்பத்தில் இரண்டு விநாடியேனும் தங்கி எரிய வேண்டும். பிறகு புகை கழுவப்பட வேண்டும். தெருவோரத்தில் நாம் மூட்டும் நெருப்பில் இவ்வெப்பம் எங்கே வரும்? அரைகுறையாக வெந்த பிளாஸ்டிக்கிலிருந்து டையாக்ஸின் என்னும் கொடிய நஞ்சு உண்டாகிறது. அது புல்லில் படிந்து, மாட்டின் பாலில் கலந்து, நம் குழந்தைகளையே வந்தடைகிறது. குழல் விளக்கிலும் வெப்பமானியிலும் உள்ள பாதரசம் வெப்பத்தால் ஆவியாகி மூச்சுடன் உள்ளே செல்கிறது. பாட்டரியிலுள்ள ஈயம் எரிந்து மறைவதில்லை. சாம்பலிலும் மண்ணிலும் தங்குகிறது. சிறு குழந்தைகளின் உடலில் ஈயம் சேர்ந்தால் மூளை வளர்ச்சி குன்றும் என்பது மருத்துவர்கள் ஐயமின்றி நிறுவியுள்ள உண்மை.

புதைப்பதும் அவ்வாறே. தென்காசி வட்டாரத்தில் ஆறும் வாய்க்காலும் குளமும் அடுத்தடுத்து உள்ளன. மழைக்காலத்தில் பல இடங்களில் சிறிது தோண்டினாலே நீர் ஊறுகிறது. இத்தகைய மண்ணில் புதைக்கப்பட்ட நஞ்சு கிணற்றுக்கு இறங்க அதிக நாளாவதில்லை. ஈயமும் பாதரசமும் மக்கி அழிவன அல்ல. இன்று புதைப்பவரின் பேரன் தோண்டும் போதும் அவை அங்கேயே இருக்கும்.

கொடைக்கானலில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலையின் கதை இதற்குத் தக்க சான்று. உடைந்த கண்ணாடியுடன் பாதரசக் கழிவும் வெளியேறி, ஊரின் பழைய சாமான் கடையில் கிடந்தது 2001-ஆம் ஆண்டில் அம்பலமாயிற்று, தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ஆம் ஆண்டில் அக்கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. ஆயினும் தொழிற்சாலை இருந்த இடத்து மண்ணைத் தூய்மைப்படுத்தும் பிரச்சினை அதன் பிறகும் பல்லாண்டுகள் நீடித்தது. போபாலில் 1984-ஆம் ஆண்டு டிசம்பரில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டதை அனைவரும் அறிவர். அந்தத் தொழிற்சாலையில் எஞ்சிக் கிடந்த 337 டன் நச்சுக் கழிவு அங்கிருந்து அகற்றப்பட்டது 2025-ஆம் ஆண்டு ஜனவரியில்தான். கழிவை உண்டாக்க ஒரு நாள் போதும். அகற்ற நாற்பது ஆண்டும் போதாமற் போகலாம்.

விவசாயிகளுக்குச் சில யோசனைகள்

பூச்சிமருந்துக் கழிவு குறைய வேண்டுமானால், மருந்து வாங்கும் போதே சிக்கனம் வேண்டும். இவ்வளவு ஏக்கருக்கு இவ்வளவு மருந்து என்று வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டறிந்து, தேவையான அளவு மட்டும் வாங்குக. மீந்த மருந்து ஒரு கழிவே. கேரளத்தில் காசர்கோடு பகுதியில் முந்திரித் தோட்டங்களுக்கு எண்டோசல்பான் தெளிப்பது 2000-ஆம் ஆண்டோடு நின்றது. 2011-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் அம்மருந்துக்கு நாடு முழுவதும் தடை விதித்தது. ஆனால் மீந்த மருந்து கிடங்குகளில் தங்கிவிட்டது. கசியத் தொடங்கிய பீப்பாய்களிலிருந்து அதைப் புதுப் பீப்பாய்களுக்கு மாற்ற 2012-ஆம் ஆண்டில் தனி ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. ஒரு தோட்டத்தின் கிடங்குக்கு நேர்ந்தது நம் வீட்டுப் பரணுக்கும் நேரலாம்.

டப்பாவின் மேலுள்ள சாய்சதுரத்தின் நிறத்தைக் கவனிக்க வேண்டும். சிவப்பு நிறம் மிகக் கொடிய நஞ்சைக் குறிக்கும், மஞ்சள் அதற்கடுத்த நிலை, நீலம் நடுத்தரம், பச்சை ஓரளவு குறைந்தது. பச்சை என்றால் நஞ்சே இல்லை என்று பொருளன்று. எழுத்தறியாதவரும் இந்நிறங்களைக் கொண்டு அபாயத்தை அறியலாம்.

மருந்து தீர்ந்ததும் டப்பாவை மும்முறை அலசுதல் இன்றியமையாதது. செய்முறை எளிது. கையுறை அணிந்துகொண்டு, டப்பாவைத் தெளிப்பானின் மேல் அரை நிமிஷம் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வரை வடியவிடுக. பிறகு டப்பாவில் கால் பங்கு நீர் ஊற்றி, மூடி, அரை நிமிஷம் நன்கு குலுக்கி, அந்நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றுக. இவ்வாறு மும்முறை செய்க. அலசிய நீர் வீணாவதில்லை. அது மருந்தாகப் பயிருக்கே செல்கிறது. காசு கொடுத்து வாங்கிய மருந்தின் கடைசித் துளியும் பயன்படுகிறது. பின்னர், வேறெவரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி டப்பாவின் அடியில் ஆணியால் துளையிட்டு, தனிச் சாக்கில் போட்டு, குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். காலி டப்பாக்களை மறுபயன்பாட்டுக்கு இடமாகும்படி வெளியில் போட்டு வைக்கலாகாது என்று 1971-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகளும் கட்டளையிடுகின்றன.

தெளிப்பானை வாய்க்காலிலோ பம்புசெட்டுத் தொட்டியிலோ கழுவலாகாது. கழுவிய நீரை, மருந்து தெளித்த வயலிலேயே பரவலாக ஊற்றிவிடுவது நன்று. இன்று பெரிதும் பயன்படும் பைரித்திராய்டு வகை மருந்துகள் மனிதருக்குச் செய்யும் தீங்கைக் காட்டிலும் மீன்களுக்குச் செய்யும் தீங்கு மிக அதிகம். தெளிப்பானைக் குளத்தில் கழுவுகிறவர், மீன்குத்தகையால் ஊருக்கு வரும் வருமானத்தையும் சேர்த்துக் கழுவி விடுகிறார் என்றே சொல்லலாம்.

எஞ்சினிலிருந்து வடிக்கும் பழைய எண்ணெயை மூடியுள்ள டின்னில் சேர்த்து வைத்து, உரிமம் பெற்றுச் சுத்திகரிப்போருக்குச் சேரும்படி பணிமனையில் ஒப்படைக்க வேண்டும். இன்வெர்ட்டர், டிராக்டர், தெளிப்பான் ஆகியவற்றின் பாட்டரிகளைப் புதிது வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுத்தால் விலையிலும் கழிவு கிடைக்கும். பாட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் வேலையை வீட்டு முற்றத்தில் செய்ய எவரையும் அனுமதிக்கலாகாது.

வீட்டு ஊசிகள்

நீரிழிவு நோய்க்காக வீட்டிலேயே இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வோர் இன்று எல்லா ஊர்களிலும் உள்ளனர். பயன்படுத்திய ஊசியைக் குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டால், மறுநாள் காலையில் அது தூய்மைக் காவலர் ஒருவரின் கையில் ஏறுகிறது. ஈரல் அழற்சியை உண்டாக்கும் 'பி' வகைக் கிருமி, உடலுக்கு வெளியே ஏழு நாட்கள் வரை உயிருடன் இருந்து நோயைத் தரவல்லது. ஆதலால் ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் புட்டியில் போட்டு, முக்கால் பங்கு நிரம்பியதும் இறுக மூடி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்துவிட வேண்டும். காலாவதியான மாத்திரைகளையும் எருக்குழியிலோ சாக்கடையிலோ போடாமல் இவ்வாறே சேர்த்துக் கொடுப்பது நலம்.

மருத்துவமனைகளில் கழிவுகளை நிறவாரியாகப் பிரிக்கும் முறை உள்ளது. உடற்பாகங்களும் இரத்தம் தோய்ந்த பஞ்சும் காலாவதியான மருந்துகளும் மஞ்சள் பையிலும், குழாய்கள் முதலிய பிளாஸ்டிக் பொருள்கள் சிவப்புப் பையிலும், ஊசியும் கத்தியும் துளைபடாத வெள்ளைப் பெட்டியிலும், கண்ணாடி நீலப் பெட்டியிலும் சேர்க்கப்பட வேண்டும். பதப்படுத்தாத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது என்பதும் விதி. கழிவை எடுத்துச் செல்லப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் உள்ளன. நம் ஊரிலுள்ள சிறு மருத்துவமனையும் இரத்தப் பரிசோதனைக் கூடமும் இம்முறையைக் கைக்கொள்கின்றனவா என்று கேட்டறிவது பஞ்சாயத்து அங்கத்தினர்களின் கடமையாகும். அயல் மாநிலக் கழிவைக் கண்டு சினப்பது நியாயமே. நம் வீட்டுக் கழிவை நாம் ஒழுங்குபடுத்தினால்தான் அந்தச் சினத்துக்கு வலிமை உண்டு.

பஞ்சாயத்து செய்ய வேண்டியவை

அபாயக் கழிவை அழிக்கும் ஆலையைப் பஞ்சாயத்து கட்ட வேண்டும் என்று நாம் கூறவில்லை; அது பஞ்சாயத்தின் சக்திக்கு மேற்பட்டது. கலவாமல் சேர்த்தல், பத்திரமாக வைத்தல், உரியவரிடம் ஒப்படைத்தல் ஆகிய மூன்றே பஞ்சாயத்தின் வேலைகள். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை.

முதலாவதாக, ஒரு சிறு அறை வேண்டும். அது கிணறு, பள்ளிக்கூடம், குளக்கரை ஆகியவற்றிலிருந்து விலகி, வெள்ளம் ஏறாத மேட்டில் இருக்க வேண்டும். சிமெண்டுத் தரையும், ஒழுகாத கூரையும், காற்றுப் போக்கும், பூட்டும் அவசியம். கசிவது வெளியே ஓடாதபடி வாசலில் ஒரு சாண் உயரத்துக்குத் தடுப்புக் கட்டுவது நல்லது. உள்ளே மருந்து டப்பாக்கள், பாட்டரிகள், விளக்குகள், ஊசிப் புட்டிகள் ஆகியவற்றுக்குத் தனித்தனி பீப்பாய்கள் வைக்க வேண்டும்.

இரண்டாவதாக, மாதத்தில் ஒரு நாளை இதற்கெனக் குறித்து, அன்று மட்டும் வீடுதோறும் அபாயக் கழிவைச் சேகரிக்கலாம். நாள்தோறும் எடுக்கும் குப்பையுடன் இது சேரலாகாது. சேகரிக்கும் தூய்மைக் காவலர்களுக்குத் தடித்த கையுறையும் காலணியும் கொடுப்பதோடு, வட்டார மருத்துவ அலுவலரிடம் கேட்டு ஈரல் அழற்சித் தடுப்பூசியும் போடச் செய்ய வேண்டும். ஊரின் அசுத்தத்தை அள்ளுகிறவர் அதனால் நோயாளியாகும்படி விடுவது எந்த ஊருக்கும் பெருமை தராது.

மூன்றாவதாக, ஒரு பதிவேடு வைக்க வேண்டும். எந்தத் தேதியில் எவ்வகைக் கழிவு எவ்வளவு சேர்ந்தது, அது எந்தத் தேதியில் யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்று அதில் எழுதிக் கையெழுத்துப் பெற வேண்டும். மருத்துவக் கழிவு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், பாட்டரியும் மின்னணுக் கழிவும் உரிமம் பெற்ற மறுசுழற்சியாளருக்கும் செல்ல வேண்டும். பூச்சிமருந்து டப்பாக்களைப் பற்றி வேளாண்மை அலுவலரையும், மற்றவை பற்றி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையும் கலந்துகொள்ளலாம். மலிவாகக் கேட்கிறார் என்பதற்காக உரிமமில்லாத பழைய சாமான் வியாபாரியிடம் கொடுத்துவிட்டால், செய்த வேலையெல்லாம் வீணாகும். அவர் வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததை அடுத்த ஊர் ஓடையில் கொட்டுவார்.

நான்காவதாக, கிராம சபையில் இதைப் பற்றிப் பேசித் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். வெளியார் கழிவுக்கு நிலம் கொடுப்பதில்லை என்பதை அத்தீர்மானத்தில் தெளிவாக எழுதலாம். கைவிட்ட கல்குவாரிப் பள்ளங்கள், குளத்துப் புறம்போக்கு, ஊருக்கு ஒதுங்கிய செங்கற்சூளை இடங்கள் ஆகியவற்றின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, அங்கத்தினர்கள் முறைபோட்டுப் பார்வையிட்டு வரலாம். கழிவு லாரிகள் தேடி வருவன இத்தகைய இடங்களே.

கழிவு கொட்டப்பட்டிருக்கக் கண்டால்

ஊர் எல்லையில் மர்மமான குவியலைக் கண்டால் பதற்றம் வேண்டாம். பின்வரும் ஒழுங்கில் காரியங்களைச் செய்க. கையால் தொடலாகாது, காலால் கிளறலாகாது. தீ வைக்கலாகாது, மண் போட்டு மூடவும் கூடாது. குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் விலக்கி, சுற்றிலும் கயிறு கட்டி, காவலுக்கு ஓர் ஆளை நிறுத்துக. லாரியைக் கண்டவர் அதன் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்க. எட்ட நின்று புகைப்படம் எடுக்கலாம். உடனே கிராம நிர்வாக அலுவலர், காவல் நிலையம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆகிய மூவர்க்கும் தெரிவிக்க வேண்டும். மழை வருமாயின், ஓடும் நீர் வாய்க்காலில் சேராதபடி குவியலுக்குக் கீழ்ப்புறத்தில் மண்ணால் ஒரு வரப்பு எழுப்புவது புத்திசாலித்தனம். லாரியை மறித்து ஓட்டுநரை அடிப்பது சட்டத்துக்கு விரோதம் என்பது மட்டுமன்று. அனுப்பியவரைக் கண்டுபிடிக்க உதவும் சாட்சியையே அது கெடுத்துவிடும்.

எவர்க்கேனும் ஊசி குத்திவிட்டால், அவ்விடத்தைப் பிதுக்காமல் சோப்பிட்டு ஓடும் நீரில் கழுவி, தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நோய் தொற்றாமல் தடுக்கும் மருந்துகளை எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நலம். 72 மணி நேரம் கடந்துவிட்டால் எய்ட்ஸ் நோய்க்கான தடுப்பு மருந்தால் பயனில்லை. பூச்சிமருந்து உடலில் கொட்டிவிட்டால், நனைந்த உடையைக் களைந்து, சோப்பும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவுக. மயங்கியவருக்கு வாய்வழியாக எதையும் கொடுக்கலாகாது; வாந்தியெடுக்கச் செய்யவும் முயலலாகாது. 108 வண்டியை அழைத்து, மருந்து டப்பாவையோ அதன் சீட்டையோ உடன் கொண்டு செல்க. எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் மருத்துவர் தக்க மாற்று மருந்தைத் தரமுடியும்.

நீருக்கு மேலூர், கீழூர் என்ற முறை நம் விவசாயிகளுக்குப் புதிதன்று. மடை திறப்பதிலும் முறைவைத்துப் பாய்ச்சுவதிலும் மேலூரார் கீழூராரின் உரிமையை மதித்து வந்திருக்கின்றனர். நீரின் அளவில் காட்டிய அந்த நியாயத்தை நீரின் தூய்மையிலும் காட்ட வேண்டிய காலம் இது. சாரல் தொடங்குமுன் ஒவ்வொரு பஞ்சாயத்தும் ஓர் அறையும், ஒரு பதிவேடும், மாதத்தில் ஒரு நாளும் இதற்கென ஒதுக்குமானால், சிற்றாறு கீழே கொண்டு செல்வது நீராக மட்டுமே இருக்கும். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே இப்பணியைத் தொடங்கி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.